கண்டக்டரம்மா தலையில் கட்டிய கூடு

சதுப்பு நிலத்தைச் சுற்றி நின்ற மரங்களை நகராட்சி ஒன்று விடாமல் வெட்டிய வருடம், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருத்தியின் தலையில் கொக்கு கூடு கட்டியது. அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் ஊர் முதலில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசியது. கூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அதில் முட்டைகள் வந்துவிட்டன. நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு நீர்க்கோழியின் காலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பைக் கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டிருந்தாள். கொக்கு ஒன்று வந்து அவள் உச்சந்தலையில் உட்கார்ந்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஜோடி அலகில் ஒரு சுள்ளியோடு வந்து அதை இதனிடம் கொடுத்தது. கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நரம்பை முழுக்க எடுத்து, நீர்க்கோழியைத் தண்ணீரில் விட்ட பிறகுதான், "யாராச்சும் பாத்துச் சொல்லுங்க, மேல என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

அவள் தலை கொக்குக்கு ஏன் பிடித்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. பணியில் இருந்த காலமெல்லாம் ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவள் அவள். எந்த ஓட்டுநர் எந்த வளைவில் எப்படித் திருப்பினாலும் அவள் பையிலிருந்து ஒரு சில்லறை கீழே விழுந்ததில்லை. மரமெல்லாம் போன பிறகு, மரத்துக்கு அடுத்தபடியாக அசையாமல் நிற்பது எது என்று கொக்குகள் தேடியிருக்கும். கண்டுபிடித்துவிட்டன, அவ்வளவுதான்.

மரங்களை வெட்டியதற்கும் காரணம் இருந்தது. சதுப்பு நிலத்தை மண்ணடித்து மூடி, அங்கே வண்டிகள் நிறுத்த இடம் கட்ட வேண்டும் என்பது நகராட்சி ஆணையரின் பல நாள் ஆசை. ஆனால் நகராட்சிக்கே ஒரு பழைய விதி இருந்தது: கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்வரை அதைச் சுற்றி நூறு அடிக்குள் யாரும் தோண்டவோ மூடவோ கூடாது. சுற்றிலும் மரம், மரமெல்லாம் கூடு என்றிருந்தால் இயந்திரம் எங்கிருந்து உள்ளே போகும்? ஆணையர் புத்திசாலி. கூடு இல்லாத பருவமாகப் பார்த்து, கிளைகளைக் கழிக்கிறோம் என்று ஆள் அனுப்பி, அடியோடு வெட்டிவிட்டார். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிறவர் இல்லை அவர். கொக்கு உட்காரும் கொம்பையே வெட்டுகிறவர்.

அவரை எதிர்த்து நின்றது ஞாயிற்றுக் கூட்டம் என்று ஊரார் கேலியாக அழைத்த சிலர்தான். கண்டக்டரம்மா, ஒரு கணக்கு வாத்தியார், ஒரு செவிலி, ஒரு தையல்காரர், கல்லூரியில் படிக்கும் அக்கா தங்கை இரண்டு பேர், இன்னும் அவ்வப்போது வந்துபோகிறவர்கள். வாரம் முழுக்க அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். அறுந்த வலைகளையும் நெகிழிப் பைகளையும் வாரிக் கரையேற்றுவார்கள், அடிபட்ட பறவைகளைத் தையல்காரர் கடைப் பின்னறையில் வைத்து ஆற்றுவார்கள். பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் பாடம். வேறு வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லும். அவர்களுக்கு இருந்த வேலையும் வெட்டியும் ஊருக்கு இருந்திருந்தால் ஊர் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது இதைச் சொல்கிறவரின் எண்ணம்.

கண்டக்டரம்மா அங்கே வந்து சேர்ந்ததே தூக்கத்துக்காக. ஓய்வு பெற்ற பிறகு, ஆடாத தரையில் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை, படுத்தால் கண் மூடவில்லை. சதுப்பு நிலத்தில் கால் வைத்தாள். தரை மெதுவாக ஆடியது. அன்று நன்றாகத் தூங்கினாள். அதன் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பிள்ளைகளுக்கு அவள் பாடம் எடுத்ததும் பயணிகளை ஏற்றி இறக்குகிற மாதிரிதான் இருக்கும். "ரெண்டு ரெண்டு பேரா நில்லு, முன்னாடி போ, இன்னும் முன்னாடி போ, கரையில தொங்காத." கழுத்தில் பழைய விசில். ஒரு விசில் அடித்தால் அப்படியே நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போகலாம். கூட்டில் முட்டையைப் பார்த்தால் ஒரு விசில், பிள்ளைகள் பின்பக்கமாகவே நடந்து நூறு அடி விலகுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஊரின் பாதிப் பிள்ளைகள் அவளிடம் பின்பக்கமாக நடந்தவர்கள்.

அவள் கணவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலைக்கு அவர்தான் பொறுப்பு. நுனி வெட்டுவது, சாயம் பூசுவது, பேன் சீப்பு போடுவதுவரை வேறு கை பட்டதில்லை. அன்று மதியம் அவள் கூட்டோடு கடை வாசலில் வந்து நின்றபோது, நாற்காலியில் இருந்தவருக்குப் பாதிக் கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்துபோனது.

"இத்தனை வருஷமா இந்தத் தலையை நான் பாத்துக்கிட்டேன்," என்றார் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"எங்கிட்டயே கேக்கலைங்க."

"கத்தரிக்கோல் போட்டா ரெண்டு நிமிஷம்."

"போட்டுப் பாருங்க, அப்புறம் நீங்க சோறு ஆக்கி நீங்களே சாப்பிடுங்க."

அவர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். ஊரிலே பெரிய மனுஷிக்குத்தான் தலைக்கனம் இருக்கும், இவளுக்குக் கொக்கும் சுள்ளியுமாக நிஜமாகவே கனக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றே கடையிலிருந்து சாய்வு நாற்காலியை எடுத்து வந்து, அவள் உட்கார்ந்தபடி தூங்குவதற்குத் தோதாகக் கழுத்துக்குத் துண்டு சுருட்டி வைத்தவரும் அவர்தான். நிலைவாசலில் கூடு இடித்ததால் மேல்கட்டையைத் தச்சரை வைத்து உயர்த்தினார். கொக்கு மட்டும் அவரைக் கண்டால் சிலிர்த்துக்கொள்ளும். தொழில் போட்டி என்று அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் நகராட்சியின் வருடாந்திரப் பாராட்டு விழா வந்தது. காட்டுயிர்களுக்காகவும் பிள்ளைகளின் கல்விக்காகவும் கூலி வாங்காமல் உழைக்கும் தொண்டர்களுக்கு ஆணையர் கையால் பதக்கம். மரத்தை வெட்டியவர் கையால் வாங்குவதா என்று கணக்கு வாத்தியார் குதித்தார். "போவோம் சார், மேடை அவரோடது, தலை நம்மளோடது," என்று கண்டக்டரம்மாதான் எல்லோரையும் கிளப்பினாள். பதக்கங்கள் நாடாவில் கோத்து, தலை வழியாக மாலை போல் போடும்படி செய்யப்பட்டிருந்தன. ஆணையர் உயரம் குறைந்தவர். அவள் முன்னால் வந்ததும் நாடாவை விரித்துப் பிடித்தபடி, "கொஞ்சம் தலையைக் குனிங்கம்மா," என்றார்.

"முடியாதுங்க. முட்டை இருக்கு."

மண்டபம் கைதட்டியது. தட்டல் நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் அவளிடம் பாடம் படித்தவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பெற்றவர்கள் இருந்தார்கள். கைதட்டல் தனக்கு வராமல் பக்கத்தில் நிற்பவருக்கு வந்தால் தாங்கமுடியாத இனத்தைச் சேர்ந்தவர் ஆணையர். ஒலிபெருக்கியைப் பிடுங்கி, மரத்துக்கு ஒரு நியாயம் மனுஷருக்கு ஒரு நியாயம் தன் ஆட்சியில் கிடையாது, தொண்டர்களின் தலையில் இருக்கும் கூட்டுக்கும் அதே நூறு அடிப் பாதுகாப்பு உண்டு என்று முழங்கினார். கைதட்டல் இப்போது அவருக்கு வந்தது. கூடு எங்கே இருக்கப்போகிறது? சலூன்காரர் வீட்டில். நூறு அடிக்குள் என்ன இருக்கிறது? ஒரு சலூன், ஒரு மாவு மில், ஒரு சைக்கிள் கடை. அவர் கணக்கில் அந்தக் கூட்டுக்குக் கால் இருப்பது மட்டும் விட்டுப்போனது.

மறுநாள் காலை மண் இயந்திரம் சதுப்பு நிலத்துக்கு வந்தபோது, அது இறங்க வேண்டிய ஒரே சரிவில் கண்டக்டரம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமேல் கொக்கு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அவளிடம் படித்தவன்தான். பொறியை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் இறங்கி, பின்பக்கமாகவே நடந்து போனான். ஆணையர் வந்து பார்த்தார். தான் சொன்ன சொல் ஊர் முழுக்கக் கேட்ட சொல் என்பதால், அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று முதல் இரவும் பகலும் கண்டக்டரம்மாவின் இருப்பு அந்தச் சரிவில்தான். ஆணையர் என்னென்னவோ செய்து பார்த்தார். கூட்டைப் பத்திரமாக இறக்கிச் சூடான பெட்டியில் வைக்கிறோம் என்று ஒரு கால்நடை மருத்துவரை அனுப்பினார். கொக்கு மருத்துவரின் மூக்குக் கண்ணாடியைக் கொத்திச் சேற்றில் போட்டது. அவளுக்குத் தலைநகரில் பெரிய விருது, கார் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார். முட்டை பொரியட்டும், வருகிறோம் என்று பதில் போயிற்று. ஞாயிற்றுக் கூட்டத்தார் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் முறை வைத்து அவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், குடை பிடித்தார்கள், கழுத்துக்குத் தைலம் தேய்த்தார்கள். முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் அவள் காதுக்கு மேலே கத்திக் கத்தி, எதிரில் இருப்பவர் பேசுவது அவளுக்குக் கேட்காமல் போனது. ஆணையர் பேசும்போது அது வசதியாகவும் இருந்தது.

வேறூரில் இருந்த அவள் மகளுக்கு அந்த நாட்களில்தான் பெண் குழந்தை பிறந்தது. கண்டக்டரம்மா சரிவை விட்டு எழுந்தால் அடுத்த கணம் இயந்திரம் இறங்கிவிடும். அவளால் போக முடியவில்லை. கணவர் கைபேசியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "அம்மா, கொக்குக் குஞ்சைத் தலையில வச்சிருக்க. என் குஞ்சைக் கையில வாங்க எப்ப வருவ?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. கண்டக்டரம்மா அழுதாள். குனிந்து முகத்தைத் துடைக்க முடியாததால் கண்ணீர் நேராக இறங்கி விசிலை நனைத்தது. கணவர் துண்டால் ஒற்றியெடுத்தார்.

குஞ்சுகள் இறகு விட்டு, அவள் தோளில் இறங்கி நடை பழகியபோது கவலை வேறு விதமாக வந்தது. கூடு காலியானால் விதியும் காலி. ஆணையர் அதற்காகத்தான் காத்திருந்தார். ஓட்டுநரைத் தினமும் நூறடிக்கு அப்பால் இயந்திரத்தில் தயாராக உட்காரச் சொல்லியிருந்தார். கடைசிக் குஞ்சுக்குத் தினமும் மீன் ஊட்டிப் பழக்கினால் அது கூட்டை விட்டுப் போகவே போகாது, ஒரு குஞ்சு இருந்தாலும் போதுமே என்று தையல்காரர் மெல்லச் சொன்னார். கண்டக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் தாய்க் கொக்கே பறந்து போய்த் தள்ளி உட்கார்ந்தது.

"பறக்கவேண்டியதைப் பறக்க விடாம வச்சுக்கவா இத்தனை நாள் சேத்துல நின்னோம்? அப்ப அவருக்கும் நமக்கும் என்னய்யா வித்தியாசம்? இது பறக்கும். அப்புறம் நடக்குறதை அப்புறம் பாப்போம்."

அப்புறம் நடப்பதை முன்கூட்டியே பார்த்தவர் சலூன்காரர். இத்தனை நாளும் மனைவிக்குக் குடை பிடித்தபடி அவர் கூட்டை ஒரு தொழில்காரரின் கண்ணால் பார்த்திருந்தார். சுள்ளி எந்த முடியில் மாட்டியிருக்கிறது, பக்கம் எவ்வளவு உயரம், நடுவில் எவ்வளவு பள்ளம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் ஞாயிற்றுக் கூட்டத்தை மொத்தமாகக் கடைக்கு அழைத்து, செவிலி, தையல்காரர், அக்கா தங்கை என்று ஒவ்வொருவருக்கும் ஓரத்தைத் தூக்கி நடுவைக் குழித்து வெட்டிவிட்டார். கூலி வேண்டாம் என்றார். தானும் அதே மாதிரி வெட்டிக்கொண்டார். கணக்கு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்ததும் மட்டும் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், உங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்? கடவுளே வேலையை முடிச்சு அனுப்பிட்டாரு."

வாத்தியாரின் தலை வெட்டவெளி. ஊரிலேயே உயரமானவர் என்பதால் குட்டையான நிலைகளில் இடித்து இடித்து உச்சியில் ஒரு சின்னக் குழி மட்டும் உண்டு. அவர் வருத்தத்தை வெளியில் காட்டவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கண்டக்டரம்மாவின் பழைய வழித்தடப் பேருந்தில் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பழகினார். முதல் வாரம் செவிலி ஒரு போலீஸ்காரர் மடியில் விழுந்தாள், தையல்காரர் ஒரு கூடைத் தக்காளிமேல் விழுந்தார், ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. பிறகு விழவில்லை, ஊரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, வளைவுகளில் அவர்கள் நிற்பதைப் பார்த்தது. எல்லாம் பழகியும் ஒரு கொக்குகூட இறங்கவில்லை. தலைகளுக்கு மேல் வட்டமடித்து, பார்த்து, போய்விட்டன.

கடைசிக் குஞ்சு பறந்த காலை எல்லோரும் சரிவில் இருந்தார்கள். கூட்டத்தார் அவளைச் சுற்றி, ஆளுக்கொரு பக்கமாக, வெறும் தலையோடு நின்றார்கள். வாத்தியார் எல்லோருக்கும் முன்னால், இயந்திரத்துக்கு நேராக, தனியாக நின்றார். ஆணையர் நூறடிக்கு அப்பால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். குஞ்சு அவள் தோளுக்கு வந்தது, இறகை விரித்தது, மடக்கியது, தண்ணீரைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அதற்குப் பயம். இது பறந்தால் எல்லாம் போயிற்று என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இது இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று அவள் மனதும் ஒரு கணம் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் பொய். அவள் கழுத்து விசிலை எடுத்து உதட்டில் வைத்து, இரண்டு விசில் அடித்தாள். போகலாம்.

குஞ்சு போனது. தண்ணீருக்கு மேல் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்து, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைத் தாண்டிப் போனது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். "கூடு காலி! எடுடா வண்டியை!" என்று ஆணையர் கத்தினார். ஓட்டுநரின் காலும் இரண்டு விசிலுக்குப் பழகிய கால்தான். இயந்திரம் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கூட்டத்தார் விலகவில்லை. வாத்தியாரை நோக்கி அது பாதித் தூரம் வந்திருக்கும், கரைப் பக்கமிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி கீச்சிட்டுக்கொண்டு வந்து அவர் தலையில் இறங்கியது. ஆள்காட்டிக்கு மரமும் வேண்டாம், முடியும் வேண்டாம், சுள்ளியும் வேண்டாம். வெட்டவெளியில் ஒரு சின்னக் குழி போதும். கண்டக்டரம்மா அதைப் பார்த்தாள். வாழ்நாளில் அடித்ததிலேயே நீளமான ஒரே ஒரு விசில் அடித்தாள்.

இயந்திரம் நின்றது.

"என்னமோ சூடா இருக்கு," என்றார் வாத்தியார், கண்ணிமையைக்கூட அசைக்காமல். "யாராச்சும் பாத்துச் சொல்லுங்க. நான் அசையமாட்டேன்."

"முட்டை சார்," என்றான் ஓட்டுநர் மேலிருந்து. இறங்கினான். பின்பக்கமாக நடந்தான். போகிற வழியில் நின்ற ஆணையரின் முழங்கையைப் பிடித்து, அவரையும் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு போனான். ஆணையருக்கு அது புதிது. இரண்டு முறை தடுக்கினார்.

ஆள்காட்டி போட்ட சத்தம் கொக்குகளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்று மதியமே செவிலியின் தலைக்கு முதல் சுள்ளி வந்தது, மாலைக்குள் அக்கா தங்கை இருவருக்கும். கடைசியாக ஒரு ஜோடி சலூன்காரரின் தலையில் இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, உட்கார்ந்தது. "இந்தக் கடைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அதைக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "கிளம்பு. இங்க நாங்க இருக்கோம்," என்றார். காலிக் கூட்டை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு அவள் வேண்டாம் என்றாள். கூட்டோடு மகள் ஊருக்குப் பேருந்து ஏறினாள். இருக்கைகள் காலியாக இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே போனாள். மகள் வீட்டு வாசலில் முதல் தடவையாக நன்றாகக் குனிந்து, குழந்தையைக் கையில் வாங்கினாள்.

வண்டி நிறுத்தும் இடம் கட்டப்படவில்லை. அந்த ஆணையர் மாற்றலாகிப் போய், அவருக்குப் பின் பலர் வந்துபோய்விட்டார்கள். அடிக்கட்டைகள் துளிர்த்து மீண்டும் மரமாகி நிற்கின்றன. பாதிக் கொக்குகள் மரங்களுக்குப் போய்விட்டன, மீதி போகவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. ஞாயிற்றுக் கூட்டத்தில் இப்போது ஒரு பேருந்து நிறைய ஆட்கள். ஊரில் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு நிலை உயரமாக வைக்கிறார்கள், அதற்குத் தச்சர்கள் தனியாகக் காசு கேட்பதில்லை. வருடந்தோறும் பாராட்டு விழா நடக்கிறது. தொண்டர்களால் குனிய முடியாதென்பதால் நாடாவை விட்டுவிட்டு, சட்டையில் குத்துகிற பதக்கமாக மாற்றிவிட்டார்கள். அதைக் குத்தும்போது கொடுப்பவர்தான் குனிய வேண்டும், மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வரும் ஆணையர்களுக்கு, குடிநீர்க் குழாய் எங்கே போகிறது, குப்பை வண்டி எப்போது வரும் என்பதோடு சேர்த்து, முதல் வாரமே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.